கம்பும் கையும்: காரைக்குடிப் பக்கம் சண்டைக்கலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியை ஒட்டிய ஊர் ஒன்றில், ஊருணிக் கரைப் பொட்டலில் சாயங்காலம் கம்பும் கைச்சண்டையும் சொல்லிக்கொடுக்கிறேன். பத்து வயதில் சிலம்பத்தில் ஆரம்பித்தேன். கல்லூரி நாட்களில் கராத்தே, சென்னையில் வேலை பார்த்த ஆறு வருஷமும் குத்துச்சண்டை, இடையில் கொஞ்சம் ஜூடோ. வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரும், வேறு இடத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நின்றுகொண்டே ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

சிலம்பம், கராத்தே, டேக்வாண்டோ, குத்துச்சண்டை இவற்றில் எது நல்லது?

எதற்காகப் படிக்கப் போகிறார் என்று முதலில் சொல்லுங்கள். உடம்பு இளகவும், கண்ணும் காலும் கையும் ஒன்றாக வேலை செய்யவும் சிலம்பத்தை மிஞ்சி எனக்கு எதுவும் தெரியாது. போட்டி, பதக்கம் என்று போக ஆசைப்பட்டால் டேக்வாண்டோ 2000-ம் ஆண்டு சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஜூடோ 1964-லேயே டோக்கியோவில் வந்துவிட்டது. கராத்தே மட்டும் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம் பெற்று, அடுத்து பாரிஸில் இல்லாமல் போனது. முகத்துக்கு வரும் அடியைக் கண்ணைத் திறந்து பார்க்கப் பழகணும் என்றால் குத்துச்சண்டை.

இதற்கு மேல் "எது பெரியது" என்று கேட்டால், ஒவ்வொரு கலையின் போட்டி விதியும் அந்தக் கலைக்காரருடைய கையையும் காலையும் எப்படி மாற்றிவிடுகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்வேன். டேக்வாண்டோ போட்டியில் முகத்தில் கையால் குத்தக் கூடாது. தலையில் விழும் உதைக்குப் புள்ளி அதிகம். அதனால் கை தாழ்ந்தே நிற்கும், கால் பறக்கும். குத்துச்சண்டைக்காரருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் வராது. அதனால் முன்னங்காலில் பாரத்தைப் போட்டு நிற்பார். அந்தக் காலில் ஒரு உதை விழுந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. ஜூடோக்காரர் சட்டையைப் பிடித்துவிட்டால் நீங்கள் போனீர்கள், ஆனால் பிடிக்க வரும்போது முகம் திறந்து கிடக்கும். விதி விட்ட இடத்தில் எல்லாக் கலைக்கும் ஓட்டை உண்டு, நான் உயிராக நினைக்கும் சிலம்பத்துக்கும் சேர்த்து.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பட்டது இதுதான். பலகையில் எழுதியிருக்கும் கலையின் பெயரை விட, அங்கே ரெண்டு பேரை எதிரெதிரே நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்பதுதான் பிள்ளை என்ன கற்கப்போகிறான் என்று சொல்லும். எதிரில் நிற்பவர் உண்மையாகவே தடுக்கிறாரா, எவ்வளவு வலுவோடு வருகிறார், அந்த அளவை யார் முடிவு செய்கிறார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் மற்றது தானாக விளங்கும்.

ஸ்பாரிங் என்றால் அடிதடிதானே? எவ்வளவு வேகத்தில் அடிக்க விடுவீர்கள்?

ஸ்பாரிங் என்பது ரெண்டு பேர் எதிரெதிரே நின்று ஆடிப் பழகுவது. அதில் அடியின் வலுவை அளக்க என் ஆசான் ஒரு அணாக் கணக்கு வைத்திருந்தார். 1957-ல் நயா பைசா வந்ததோடு அணா போய்விட்டது, ஆனாலும் எங்கள் பக்கம் நாலணா, எட்டணா என்ற பேச்சு போகவில்லை. இன்றைய பிள்ளைகளுக்குப் பதினாறு அணா ஒரு ரூபாய் என்று முதல் நாள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள்.

நாலணா என்றால் தொட்டுவிட்டு எடுப்பது. அடி வாங்கியவர் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. எட்டணாவில் வேகம் நிஜமானது, பாரம் மட்டும் பின்னால் வராது. பட்டது தெரியும், அடுத்த மூச்சுக்குள் மறந்துவிடும். பன்னிரண்டணாவில் உடம்புக்கும் தொடைக்கும் வலுவோடு போகலாம், தலைக்கு எட்டணாவைத் தாண்டக் கூடாது, கவசம் கட்டாயம். முழு ரூபாய் போட்டி மேடையில் மட்டும். என் பொட்டலில் அது கிடையாது.

ரெண்டு பேர் எதிரில் நிற்கும்போது அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் எட்டணா என்று சொல்லி, மற்றவர் நாலணா என்றால் நாலணாதான். இடையில் யார் வேண்டுமானாலும் "இறக்கு" என்று சொல்லலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவன் நாலணா கொடுக்கிறான். வாங்கியவனுக்கு அது ஆறணாவாகப் படுகிறது, அவன் ஆறணாவைத் திருப்பிக் கொடுக்கிறான். முதல் ஆளுக்கு அது எட்டணாவாகத் தெரிகிறது. மூன்றாவது நிமிஷத்தில் ரெண்டு பேரும் ரூபாயில் நிற்பார்கள். ரெண்டு பேரும் "அவன்தான் ஏத்தினான்" என்பார்கள், ரெண்டு பேர் சொல்வதும் அவரவர் மனதுக்கு உண்மை. வட்டிக்கு வட்டி ஏறுகிற மாதிரிதான். வெளியில் நிற்கிற ஆள் விசில் ஊதி இறக்கினால்தான் இறங்கும். ஸ்பாரிங் நடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாத்தியார் வேலையைச் செய்யவில்லை என்று நான் நேராகவே சொல்வேன்.

மெதுவாகவே பழகினால் நிஜத்தில் கை ஓடுமா?

ஓடும். தாய்லாந்தின் முவே தாய் வீரர்களைப் பாருங்கள். முட்டி, முழங்கை எல்லாம் அனுமதிக்கப்பட்ட, மிகக் கடுமையான போட்டி அது. ஆனால் அவர்கள் தங்களுக்குள் ஸ்பாரிங் செய்வதைப் பார்த்தால் விளையாடுவது போலத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே தட்டிக்கொள்வார்கள். அடிக்கடி மேடை ஏறுகிறவர்களால் பயிற்சியில் உடம்பை உடைத்துக்கொள்ள முடியாது. வலுவை எல்லாம் பஞ்சிங் பேக்கிலும், பயிற்சியாளர் பிடிக்கும் பேடிலும் இறக்கிவிடுவார்கள். ஆளோடு நிற்கும்போது கற்பது தூரம், நேரம், ஏமாற்று.

மெதுவான ஸ்பாரிங்குக்கும் பொய்யான ஸ்பாரிங்குக்கும் வித்தியாசம் உண்டு. எதிராளி அடியை வாங்க வாகாக நின்று கொடுத்தால் அது பொய். மெதுவாக இருந்தாலும் அவர் விலகணும், தடுக்கணும், உங்கள் கணக்கைக் கெடுக்கணும்.

வாரத்தில் நாலு நாள் வகுப்பு என்றால் ஒரு நாள் எட்டணா ஸ்பாரிங் போதும். மற்ற மூன்று நாளும் கடைசிப் பத்து நிமிஷம் நாலணா. பன்னிரண்டணா மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் போட்டிக்குப் போகிறவர்களுக்கு.

கராத்தேயிலேயே ஒரு வகுப்பில் தொடாமல் நிறுத்துகிறார்கள், இன்னொன்றில் உண்மையாகவே அடிக்கிறார்கள். எது அசல்?

ரெண்டும் அசல். ஒகினாவாவிலிருந்து கராத்தேயை ஜப்பானின் பெருநிலத்துக்கு 1922-ல் கொண்டுபோய்க் காட்டிய கிச்சின் புனாகோஷியின் வழியில் வந்தது, தொடாமல் நிறுத்தும் ஷோட்டோகான் கராத்தே. அவருக்குச் சண்டைப் போட்டியில் நாட்டமே இல்லை, எதிராளி இல்லாமல் தனியாக ஆடும் வரிசையான கட்டாதான் முக்கியம். போட்டிகள் பின்னால் வந்தபோது, வலுவாகப் போய் உடம்பில் புதையாமல் நிறுத்துவது என்ற விதியோடு வந்தன. இன்று உலகக் கராத்தே சம்மேளனத்தின் போட்டியிலும் அதே அடிப்படைதான். குத்துக்கு ஒரு புள்ளி, நடு உடம்பில் உதைத்தால் ரெண்டு, தலைக்கு உதை போனால் மூன்று. அதிகமாக அடித்துவிட்டால் அடித்தவருக்கே தண்டனை.

மாஸ் ஓயாமா ஆரம்பித்த கியோகுஷின் கராத்தே இதற்கு நேர்மாறு. கிளவுஸ் இல்லாமல், உடம்பிலும் தொடையிலும் முழு வலுவோடு அடிக்கலாம். முகத்துக்குக் கையால் குத்தக் கூடாது, காலால் உதைக்கலாம். அவர்களுடைய தாங்கும் சக்தியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் முகத்துக்குக் கை வராது என்ற பழக்கத்தில் நெஞ்சோடு நெஞ்சாக நின்று அடித்துக்கொள்வார்கள். குத்துச்சண்டைக்காரர் யாரும் அந்தத் தூரத்தில் அப்படி நிற்க மாட்டார்.

தொடாமல் நிறுத்துகிற பிள்ளைக்குத் தூரமும் வேகமும் பிரமாதமாக வரும். அடி வாங்கினால் என்ன ஆகும் என்று தெரியாது. அடிக்கிற வகுப்புப் பிள்ளைக்கு அது தெரியும், ஆனால் ஒரு அடியில் முடிந்துவிடும் என்ற எச்சரிக்கை குறைந்துபோகும். என் பிள்ளைகளை வருஷத்தில் ஒரு மாதம் மற்ற விதியில் விளையாட விடுகிறேன்.

சிலம்பத்தில் சண்டை உண்டா, இல்லை கம்பு சுற்றுவது மட்டும்தானா?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கும், ஆனால் கேட்பவர் மேல் தப்பில்லை. பள்ளி ஆண்டு விழாவிலும் கோயில் திருவிழாவிலும் அவர் பார்த்தது அலங்காரச் சிலம்பம். ரெண்டு கையிலும் கம்பு, முனையில் தீப்பந்தம், கூட்டம் கை தட்டும். அதுவும் கஷ்டமான வித்தைதான். அதற்குப் பக்கத்திலேயே போர்ச் சிலம்பம் என்று ஒன்று உண்டு. காலடி, வீச்சு, வெட்டு, குத்து, வாரல், இவற்றுக்கு எதிர் அடைப்பு, எல்லாம் எதிராளி இருக்கிறார் என்று வைத்துச் சொல்லப்படும் பாடங்கள். கை மட்டும் வைத்து ஆடும் குத்துவரிசையும் அதில் அடக்கம். ரெண்டு பேர் நேருக்கு நேர் நின்று, கம்பு உடம்பில் தொட்டால் புள்ளி என்று ஆடுவது தொடுமுறை. கம்பு நுனியில் சாயம் தோய்த்து, ஆட்டம் முடிந்ததும் உடம்பில் விழுந்த பொட்டுகளை எண்ணும் பழக்கமும் இருந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் பொட்டலுக்கு வரும் கூட்டம் கூடியிருக்கிறது.

மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அங்கேயே சிலம்பம் கற்றுக்கொண்டு லீவுக்கு இங்கே வருவார்கள். கடல் தாண்டிப் போன தமிழர்கள் அங்கே இதை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வந்து நின்று ஆடும்போது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரோஷம் வரும். அது நல்லதுதான்.

கம்பில் அணாக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. மூங்கில் கம்பின் நுனி சுற்றி வரும் வேகத்துக்கு முன்னால் கை வேகம் ஒன்றுமே இல்லை. எட்டணா என்று நினைத்து விட்டது எலும்பை உடைத்துவிடும். அதனால் ஆசான் எங்களை ஆளோடு நிறுத்துவதற்கு முன் ஆறு மாதம் வேப்பிலையோடு நிறுத்தினார். கிளையில் நூல் கட்டி ஒரு இலையைத் தொங்க விடுவார். முழு வேகத்தில் வீசி இலையைத் தொட வேண்டும், இலை ஆடலாம், கிழியக் கூடாது. காற்று அடிக்கும் நாளில் இலை சும்மா இருக்காது, அன்றைக்கு அது நிஜ எதிராளி. ஒரு நாள் நான் அலட்சியமாக நின்றிருந்தேன். பின்னாலிருந்து விசுக்கென்று ஒரு சத்தம். வலது காதோரம் காற்று மட்டும் வந்து பட்டது. திரும்பினால் அவர் கம்பின் நுனி என் காது மடலுக்கு ஒரு நெல் மணி தூரத்தில் அசையாமல் நிற்கிறது. "ரூபாயில கிளம்பி நாலணாவுல நிக்கணும்டா" என்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இன்றைக்கும் ஒரு பிள்ளைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதா என்று பார்க்க நான் இலையைத்தான் கட்டுகிறேன்.

வர்மம் தெரிந்தால் ஸ்பாரிங் எதற்கு?

வர்மம் பெரிய அறிவு. தென்பாண்டிப் பக்கமும் குமரி மாவட்டத்திலும் அடிமுறையோடும் வைத்தியத்தோடும் சேர்ந்து வளர்ந்தது. 108 இடங்கள் என்பார்கள். வைத்தியமாக அதை மதிக்கிறேன். ஆனால் சண்டையில் அந்த இடம் அசையாமல் நின்று கொடுக்காது. அசையும் ஆளின் தாடையையே தொடத் தெரியாதவர், அசையும் ஆளின் வர்ம இடத்தைத் தொடுவது எப்படி?

இதை ஜூடோ கதையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-ல் கோடோகான் பள்ளியை ஆரம்பித்தபோது பழைய ஜுஜுட்சுவிலிருந்து பலதைத் தள்ளி வைத்தார். கண்ணில் குத்துவது, உயிர்நிலையில் அடிப்பது போன்ற ஆபத்தானவற்றை ஆள் மேல் பழகவே முடியாது. மீதி இருந்த தூக்கி வீசுதல், பிடித்து அமுக்குதல், மடக்குதல், இவற்றைத் தினமும் எதிர்க்கிற ஆளோடு முழு மனதோடு பழகலாம். அதற்கு ராண்டோரி என்று பெயர். தினமும் நிஜமாகப் பழகியவனுக்கு, ஆபத்தானதைக் கற்பனையில் பழகியவனை விட நிஜமான திறமை வந்துவிடுகிறது.

இதனால் ஆள் மேல் பழக முடியாத எல்லாமே வீண் என்று ஆகிவிடாது. நம்ம சிவகங்கைச் சீமையின் வளரியை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த எறிதடி, ஓடுகிற ஆளை வீழ்த்துவது. 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களில் சின்ன மருது, அதற்கு முன்னால் நல்ல நாட்களில் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். வளரியை யாரோடு ஸ்பாரிங் செய்வது? குறி வைத்து எறிந்து எறிந்துதான் பழகணும். குறியில் பட்டதா இல்லையா என்பது பொய் சொல்லாது. ஆள் மேல் சோதிக்க முடியாவிட்டால் வேறு எதிலாவது சோதிக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். எதிலும் சோதிக்க முடியாது, ஆனால் உயிரை எடுக்கும் என்று ஒருவர் சொன்னால் நான் அங்கே பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

அப்படியானால் கட்டாவும் சிலம்ப வரிசையும் நேர விரயமா?

இல்லை. வரிசையில் கால் தானாக இடம் மாறப் பழகுகிறது, மூச்சு சீராகிறது, மூட்டு பலப்படுகிறது. ஆசானுக்கு ஆசான் கைமாறி வந்த பாடம் அதில்தான் பத்திரமாக இருக்கிறது. எழுத்துக் கற்பது போல. எழுத்து தெரிந்தவர் எல்லாம் கடிதம் எழுதிவிட முடியாது, எழுத்து தெரியாமலும் முடியாது. ஒரு மணி நேர வகுப்பில் வரிசைக்கு இருபது நிமிஷம் சரியாக இருக்கிறது. முழு மணி நேரமும் வரிசை மட்டும் என்றால் அதை உடற்பயிற்சி என்று சொல்லிச் சேர்க்கலாம்.

குஸ்தி, ஜூடோ, பிரேசிலியன் ஜியு ஜிட்சு போன்ற பிடி கலைகள் பாதுகாப்பானவையா?

தலைக்கு அடி இல்லை என்பதால் அந்த விஷயத்தில் பாதுகாப்பு. முழு வலுவோடு தினமும் பழகலாம், மாட்டிக்கொண்டால் கையால் ரெண்டு தட்டுத் தட்டினால் விட்டுவிடுவார்கள். 1993 நவம்பரில் டென்வரில், பல கலைக்காரர்களை ஒரே மேடையில் மோதவிட்ட முதல் யு.எப்.சி. போட்டியில் பிரேசிலியன் ஜியு ஜிட்சுக்காரரான ஒல்லியான ராய்ஸ் கிரேசி தன்னை விடக் கனமானவர்களைத் தரையில் வைத்து ஜெயித்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. விரல், தோள், முழங்கால் காயம் உண்டு. விழக் கற்றுக்கொள்ளும் வரை தூக்கி வீசக் கூடாது. எங்கள் செம்மண் வெயிலில் காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும், அதில் நான் வீசும் பாடம் எடுப்பதே இல்லை. மெத்தை வேண்டும்.

எந்த வயதில் சேர்க்கலாம்? குழந்தைக்கு ஸ்பாரிங் உண்டா?

ஆறு, ஏழு வயதில் விளையாட்டாகச் சேரலாம். குதிப்பது, உருள்வது, கம்பைக் கைமாற்றுவது போதும். பத்து வயதிலிருந்து நாலணா, உடம்பில் மட்டும். பதினாலு வயது வரை தலையில் தொடுவது என் வகுப்பில் கிடையாது, கவசம் போட்டாலும் கிடையாது. இது என் விதி. இதை விடத் தளர்வாக நடத்தும் வகுப்புகள் உண்டு. வளரும் மூளையை வைத்துச் சோதனை செய்ய எனக்கு மனம் வரவில்லை. எடை வித்தியாசத்தையும் பாருங்கள். 35 கிலோப் பிள்ளையை 50 கிலோப் பிள்ளையோடு நிறுத்திவிட்டு "சமாளி" என்று சொல்வது பாடம் இல்லை.

ஹெட்கார்டு போட்டால் தலைக்கு ஒன்றும் ஆகாதுதானே?

ஆகும். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தையும் காது கிழிவதையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் குத்துச்சண்டையில் ஹெட்கார்டை எடுத்தே விட்டார்கள், பெண்களுக்கு வைத்திருந்தார்கள். கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் ரெண்டு பேரும் அளவை ஏற்றிவிடுவதுதான் பெரிய ஆபத்து. 16 அவுன்ஸ் கிளவுஸும் அப்படித்தான். பஞ்சு கூடுதல், ஆனால் கையில் கிட்டத்தட்ட 450 கிராம் எடை ஏறுகிறது.

தலையில் அடி பட்டால் என்ன பார்க்க வேண்டும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பத்தொன்பது வயது. அப்போது போய்க்கொண்டிருந்த ஒரு வகுப்பில் என்னை விட இருபது கிலோ கூடுதலான ஒருவரோடு நிறுத்தினார்கள். அளவு எதுவும் யாரும் சொல்லவில்லை. பக்கவாட்டில் வந்த குத்து ஒன்று தாடையில் பட்டது. விழவில்லை, அதனால் எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். "தாங்குறான்" என்றார் பயிற்சியாளர். இன்னும் ரெண்டு ரவுண்டு ஆடினேன். பஸ் ஏறியதும் வீடு வந்ததும் எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. ஆத்தா அடுப்படியில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேனாம். வெள்ளி என்றார்களாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டேனாம். மூன்றாவது முறை கேட்டபோது கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். அந்தக் கை ஈரமாக இருந்தது, எண்ணெய் வாசம் அடித்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வாந்தி. மறுநாள் டாக்டரிடம் போனோம். மூன்று வாரம் வெளிச்சத்தைப் பார்த்தால் தலை வலித்தது.

அந்த ரெண்டு ரவுண்டு ஆடவே கூடாது. மூளை குலுங்கியிருக்கும்போது இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அபூர்வம்தான், இளம் வயதினருக்குத்தான் அதிகம் நடந்திருக்கிறது. மயங்கி விழ வேண்டும் என்று இல்லை, நின்றுகொண்டே இருப்பவருக்கும் மூளை குலுங்கியிருக்கலாம். தலைவலி, தலைசுற்றல், குழப்பம், சொன்னதையே சொல்வது, வாந்தி உணர்வு, வெளிச்சம் கூசுவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. "இப்ப சரியாயிடுச்சு" என்றாலும் அன்று திரும்ப இறங்கக் கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கண்மணி ஒன்று பெரிதாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, லேசான ஓட்டம், தனியாக வரிசை, பேடில் அடிப்பது என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஏதாவது ஒரு படியில் தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்கணும். ஸ்பாரிங் கடைசி, அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு. பெரியவர்களுக்கு ரெண்டு வாரத்தில் சரியாவது வழக்கம், பிள்ளைகளுக்கு நாலு வாரம் வரை ஆகலாம்.

பொம்பளைப் பிள்ளையை ஆண் பிள்ளைகளோடு ஸ்பாரிங் விடுவீர்களா?

எடை ஒத்துவந்தால், அவளுக்குச் சம்மதம் என்றால், விடுவேன். அளவை அவள்தான் சொல்வாள். பிடியைத் திருத்த வேண்டியிருந்தால் என் கையால் தொடாமல் கம்பு நுனியால் காட்டுவேன், முடியாவிட்டால் சொல்லிவிட்டுத் தொடுவேன். அம்மாவோ ஆயாவோ உட்கார்ந்து பார்க்கத் திண்ணை இருக்கிறது, எந்த நாளும் வரலாம். பெற்றோரை உள்ளே விடாத வகுப்பில் பெண்ணை மட்டும் இல்லை, பையனையும் சேர்க்காதீர்கள்.

பையன்கள் செய்யும் ஒரு தப்பைச் சொல்லணும். பாவம் என்று நினைத்து அடிக்கவே மாட்டார்கள், அவள் ரெண்டு புள்ளி எடுத்துவிட்டால் திடீரென்று ரூபாய்க்குப் போவார்கள். ரெண்டுக்கும் வெளியே உட்கார வைப்பேன்.

நாற்பது வயதுக்கு மேல் ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. முதலில் டாக்டரிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள். கம்பும் நாலணாவும் போதும். என்னிடம் காலையில் வருகிறவர்களில் மூத்தவருக்கு 61 வயது, வேப்பிலையைக் கிழிக்காமல் தொடுவதில் இளவட்டங்களை மிஞ்சுவார்.

பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம்?

நல்ல வகுப்பில் நாலைந்து வருஷமாவது ஆகும். ஒரு வருஷத்தில் என்று கட்டணத்தோடு சேர்த்துச் சொன்னால் பெல்ட்டைத்தான் வாங்குகிறீர்கள்.

தெருவில் யாராவது வம்புக்கு வந்தால் இதெல்லாம் உதவுமா?

ஓடத் தெரிந்தால் உதவும். ஸ்பாரிங் பழகியவருக்குத் தூரம் தெரியும், ஒருவர் கையை ஓங்கும்போது உறைந்து நிற்காமல் ஒரு அடி பின்னால் போகத் தெரியும். அந்த ஒரு அடியில் போய்விடுங்கள். கத்தி வைத்திருப்பவரிடம் பர்ஸைக் கொடுத்துவிடுங்கள். என் வகுப்பில் படித்துவிட்டு வெளியில் கை நீட்டியதாகத் தெரிந்தால் அதன் பிறகு சேர்ப்பதில்லை, பெற்றோர் வந்து கேட்டாலும்.

ஒரு வகுப்பைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். ஸ்பாரிங் நாளில் போங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளையோடு மூத்த மாணவர் எப்படி ஆடுகிறார் என்று பாருங்கள். இறக்கி ஆடினால் அந்த வாத்தியார் நல்லவர். அடி பட்ட பிள்ளை முகத்தைப் பார்த்து வாத்தியார் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அழுகிற பிள்ளையைக் கிண்டல் செய்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். முதலுதவிப் பெட்டி, ஐஸ், குடிதண்ணீர் இருக்கிறதா? "இங்கே யாருக்காவது பெரிய காயம் பட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லவே இல்லை என்பவரை விட, இன்ன நாளில் இன்னது நடந்தது, அதற்குப் பிறகு இதை மாற்றினோம் என்பவரை நான் நம்புவேன்.

ரெண்டு கலையை ஒரே நேரத்தில் படிக்கலாமா?

முதல் வருஷம் ஒன்றே போதும். அதற்குப் பிறகு அடிக்கிற கலை ஒன்று, பிடிக்கிற கலை ஒன்று என்று சேர்த்தால் ஒன்றை ஒன்று கெடுக்காது.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

துண்டு, தண்ணீர், நகம் வெட்டிய கை கால். மோதிரம், கயிறு, கொலுசு வேண்டாம். ஸ்பாரிங் ஆரம்பிக்கும்போது மவுத் கார்டு வாங்குங்கள், வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து வடிவம் எடுக்கிற வகை போதும், விலை அதிகம் இல்லை. பையன்களுக்கு அப்டமன் கார்டு. கம்பை மட்டும் கடையில் வாங்காதீர்கள். பிள்ளையை வெறுங்காலோடு நிறுத்தி, தரையிலிருந்து புருவம் வரை ஒரு கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றைக் கொண்டு வாருங்கள். அந்த அளவுக்கு மூங்கில் வெட்டி, நல்லெண்ணெய் பூசி நிழலில் காய வைத்துத் தருகிறேன். ஒரு வாரம் ஆகும்.